சூப் கிண்ணத்தைத் தாண்டி: எடிட்டிங் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

திரைப்படக் கல்லூரிகளிலும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறைகளிலும் எடிட்டிங் வகுப்பு எடுக்கும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். நான் பதினோரு வருடமாக எடிட்டிங் அறையில் வேலை செய்கிறவன். அதில் முதல் ஆறு வருடம் அசிஸ்டன்ட். இந்தத் தொழிலின் முதல் பாடத்தை எனக்குச் சொல்லித் தந்தவர்கள் உங்களைப் போன்றவர்கள். அந்த நன்றியோடு ஒரு குறையைச் சொல்ல வந்திருக்கிறேன். லெவ் குலெஷோவ் என்ற சோவியத் இயக்குநரை, எடிட்டிங் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவரை, நாம் மாணவர்களுக்குப் பாதிதான் காட்டுகிறோம். அந்தப் பாதியும் தவறான பாதி.

நான் படித்தபோது நடந்தது இது. இரண்டாம் ஆண்டு, மதிய வகுப்பு. புரொஜெக்டரில் ஒரு துண்டுப் படம் ஓடியது. ஓர் ஆணின் முகம், ஒரு கிண்ணம் சூப். அதே முகம், சவப்பெட்டியில் ஒரு குழந்தை. அதே முகம், சாய்ந்து படுத்திருக்கும் ஒரு பெண். “முகம் மாறவே இல்லை. ஆனாலும் நமக்குப் பசி தெரியுது, துக்கம் தெரியுது, ஆசை தெரியுது பாருங்க. இதுதான் குலெஷோவ் எஃபெக்ட். அவரே எடுத்த படம் இது” என்றார் ஆசிரியர். அடுத்த ஸ்லைடில் இன்னொரு சோவியத் இயக்குநரான ஐசன்ஸ்டீன் வந்துவிட்டார். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக அது வந்தது. முழு மதிப்பெண்ணும் கிடைத்தது.

அந்தத் துண்டு குலெஷோவ் எடுத்தது இல்லை என்று எனக்குத் தெரியவர ஒன்பது வருடம் பிடித்தது. என் ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் அப்படித்தான் சொல்லித் தந்திருப்பார்கள்.

குலெஷோவ் செய்த அந்த மூலச் சோதனை இன்று எந்தக் காப்பகத்திலும் இல்லை. யூடியூபில் உலவுவது, எழுத்தில் இருந்த விவரிப்புகளை வைத்துப் பின்னாளில் மற்றவர்கள் கோத்தது. விவரிப்புகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. நமக்கு அதிகம் வந்து சேர்ந்த கதையைச் சொன்னவர் அவருடைய மாணவர் புதோவ்கின். அவர் சொன்னதில் இருப்பவை ஒரு கிண்ணம் சூப், சவப்பெட்டியில் ஒரு பெண், கரடி பொம்மையோடு விளையாடும் ஒரு சிறுமி. ஆசையோடு பார்க்கப்படும் பெண் அந்தப் பட்டியலில் இல்லை. முகம் மட்டும் உறுதி: இவான் மொஸ்ஜூகின், புரட்சிக்கு முந்தைய ரஷ்யத் திரையின் பெரிய நட்சத்திரம். இந்தச் சோதனைக்காக அவர் கேமரா முன்னால் வந்து நிற்கவில்லை. ஏதோ பழைய படத்தில் இருந்த அவருடைய குளோசப்பை குலெஷோவ் எடுத்துக்கொண்டார். 1920இல் மொஸ்ஜூகின் நாட்டைவிட்டே போய்விட்டார்.

குலெஷோவ் 1929இல் வெளியிட்ட ‘திரைக்கலை’ நூலில் இதே விஷயத்தை வேறு மாதிரி சொல்கிறார். ஒரு நடிகரோடு அவருக்கு வாக்குவாதம். நெடுநாள் சிறையில் பட்டினி கிடந்தவனுக்கு சூப் கொண்டுவந்து வைக்கிறார்கள். அவன் முகம் எப்படி இருக்கும்? இன்னொருவனுக்குச் சாப்பாடு கிடைக்கிறது, ஆனால் அவன் ஏங்குவது வெளியே இருக்கும் வெயிலுக்கும் பறவைகளுக்கும்; அவனுக்குக் கதவு திறக்கிறது. அவன் முகம்? இரண்டும் வேறு வேறு என்றார் நடிகர். படமாக்கிப் பார்த்தார்கள். ஷாட்டுகளை எப்படி மாற்றி மாற்றி வைத்தாலும் முகத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

அதே நூலில் எனக்கு இதைவிடப் பிடித்த ஒரு பகுதி உண்டு. ரஸூம்னி என்ற இயக்குநரின் படத்தில் ஒரு பாதிரியார் வீடு. சுவரில் ஜார் மன்னரின் படம். ஊர் செம்படையின் கைக்குப் போனதும் பயந்துபோன பாதிரியார் அந்தப் படத்தைத் திருப்பி மாட்டுகிறார். பின்பக்கம் லெனின், சிரித்த முகம். தியேட்டரில் உட்கார்ந்திருந்த குலெஷோவுக்குச் சந்தேகம் வந்தது. அது அவருக்கு நன்றாகத் தெரிந்த படம். அதில் லெனின் சிரிக்கமாட்டாரே? அந்தப் படத்தைத் தேடி வாங்கிப் பார்த்தார். முகம் கடுமையாகத்தான் இருந்தது. காட்சி அவ்வளவு வேடிக்கையாக இருந்ததால் அவர் கண்ணே சிரிப்பைப் போட்டுக்கொண்டது. எடிட்டிங் படிக்கும் பிள்ளைகளுக்கு மொஸ்ஜூகின் கதையைவிட இதைச் சொல்லுங்கள் என்பேன். தன் கண்ணைச் சந்தேகப்பட்டு எழுந்து போய்ச் சரிபார்க்கிற பழக்கம் இந்த வேலைக்கு அவ்வளவு தேவை.

இவ்வளவு விவரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பாதிப் பாடத்தின் விளைவு தினமும் என் மேசைக்கு வந்து சேர்கிறது என்பதால்தான். பாத்திரத்தின் உணர்வைக் காட்டவேண்டிய ரியாக்ஷன் ஷாட்டுகளில் நடிகர் ஒன்றுமே செய்யாமல் நிற்கிறார். கேட்டால், “எடிட்ல பாத்துக்கலாம், குலெஷோவ் எஃபெக்ட் இருக்கே” என்கிறார்கள், இதைக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த இளம் இயக்குநர்கள். நடிப்பு முக்கியமில்லை, வெட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னவராக அவர்கள் மனத்தில் குலெஷோவ் பதிந்திருக்கிறார். அந்த மனிதர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நடிகர்களுக்குப் பயிற்சி கொடுப்பதில் கழித்தார் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

அவர் 1899இல் தாம்போவ் நகரில் பிறந்தவர். அப்பா இறந்தபின் அம்மாவோடு மாஸ்கோ வந்து ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1916இல், 17 வயதில், ஹன்ஜோன்கோவ் ஸ்டுடியோவில் செட் வரைபவராகப் போனார். அங்கே அவருக்கு வாய்த்த குரு இயக்குநர் யெவ்கேனி பாவெர். திரைக்குள் ஆழத்தையும் ஒளியையும் அடுக்கத் தெரிந்தவர். பாவெர் 1917இல் கிரிமியாவில் இறந்துபோக, அதே ஆண்டில் இந்தப் பையன் சினிமா இதழில் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டான். 1918இல் முதல் படம், ‘பொறியாளர் ப்ரைட்டின் திட்டம்’. அதில் பாத்திரங்கள் மின்கம்பங்களைப் பார்க்கவேண்டும். ஆட்களையும் கம்பங்களையும் ஒரே இடத்தில் வைத்து எடுக்க வழியில்லை. பார்ப்பவர்களைத் தனியாக எடுத்தார், கம்பங்களைத் தனியாக எடுத்தார், ஒட்டினார். திரையில் அவர்கள் ஒரே இடத்தில் நின்றார்கள். படப்பிடிப்பு இடத்திலேயே ஒட்டிப் பார்க்கும் ஸ்பாட் எடிட்டர் எவரும் இன்று யோசிக்காமல் செய்கிற காரியம் இது. அதை ஒருவர் முதன்முதலாகக் கவனித்து, இது ஏன் நடக்கிறது என்று உட்கார்ந்து யோசித்தார் பாருங்கள், அங்கேதான் அவர் பெரியவர்.

யோசிப்பதற்கு அவர் போன இடம் தியேட்டர். மாஸ்கோவின் மையத்தில் இருந்த அரங்குகளைவிட ஊரின் ஓரத்தில் இருந்த மலிவான கொட்டகைகள்தான் அவருக்குப் பயன்பட்டன. அங்கே வருகிறவர்கள் மரியாதைக்காக அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை, பிடித்தால் கத்துவார்கள். படத்தைவிட அவர்களை அவர் அதிகம் பார்த்தார். ஆரவாரம் அமெரிக்கப் படங்களுக்குத்தான் எழுந்தது. அவற்றின் ஷாட்டுகளை எண்ணினார். ரஷ்யப் படம் ஒரே நீண்ட ஷாட்டில் ஓடவிடுவதை அமெரிக்கப் படம் பல துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் தேவையானதை மட்டும் காட்டியது. மான்டாஜ், அதாவது ஷாட்டுகளை ஒட்டிப் பொருள் உண்டாக்குவது, பற்றிய அவருடைய சிந்தனை இப்படி ரசிகர்களின் கூச்சலைக் கேட்டு வளர்ந்தது.

1919இல் மாஸ்கோவில் அரசுத் திரைப்படப் பள்ளி தொடங்கியது. இயக்குநர் விளாதிமீர் கார்தின் தொடங்கி நடத்தியது. உலகின் முதல் திரைப்படப் பள்ளி அதுதான். குலெஷோவ் உள்நாட்டுப் போர் முனைகளில் செய்திப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர், அங்கே ஆசிரியராக வந்தார். வயது ஏறத்தாழ 21தான். மாணவர்களில் சிலர் அவரைவிட மூத்தவர்கள். புதோவ்கின் ஆறு வயது பெரியவர்.

ஆசிரியர்களே, இந்தப் பகுதியைத்தான் நீங்கள் வகுப்பில் முழுதாகச் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பள்ளியில் பிலிம் இல்லை. கேமரா ஓடவேண்டுமென்றால் கச்சா பிலிம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். போரும் முற்றுகையும் வழியை அடைத்துவிட்டன. இருந்ததையும் ஸ்டுடியோ முதலாளிகள் பலர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சூடேற்ற விறகு இல்லாத அறை, வயிற்றுக்குப் போதாத ரேஷன். குலெஷோவ் பாடத்தைத் தள்ளிவைக்கவில்லை. ‘பிலிம் இல்லாத பிலிம்’ என்று ஒன்றைச் செய்தார்கள். ஒரு சின்ன மேடை, கறுப்புத் திரைச்சீலைகள். காட்சி முழுவதையும் ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதுவார்கள். திரைச்சீலை விலகினால் மேடையின் ஒரு மூலை மட்டும் தெரியும். மூடி, வேறொரு இடத்தில் திறந்தால் அது அடுத்த ஷாட். குளோசப் என்றால் முகம் மட்டும், இன்ஸர்ட் என்றால் கை மட்டும். வெட்டின் வேகத்துக்கு நடிகர்கள் இருட்டில் இடம் மாறவேண்டும். ஒரு நொடி பிந்தினால் ‘கட்’ கெட்டுப்போகும். இப்படி அரங்கேற்றிப் பார்வையாளர்களுக்கும் காட்டினார்கள்.

இதற்கு உடம்பு கேட்கவேண்டும். அதனால் அவருடைய பட்டறையில் குத்துச்சண்டை, கழைக்கூத்து, தாளத்துக்கு அசைவு என்று பயிற்சி நடந்தது. நடிகர் என்ற சொல்லைக்கூட விட்டுவிட்டு, ஓவியப் பள்ளியில் மாதிரிக்கு நிற்பவர்களைக் குறிக்கும் ‘நாதுர்ஷிக்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். தலையைத் திருப்புவது, தோளைச் சாய்ப்பது, கையை மடக்குவது, எதுவும் திரையின் கோடுகளுக்குள் தெளிவாக விழவேண்டும் என்பதற்காக உடம்பின் அச்சுகளை வரைந்து பயிற்சி கொடுத்தார். 1929 நூலில் இதற்காக அவர் ஒதுக்கிய இடம் மிகப் பெரிது. ‘நடிப்பே தேவையில்லை’ என்று சொன்னவர் இவ்வளவும் ஏன் செய்யப்போகிறார்?

பிலிம் கொஞ்சம் கிடைத்தபோது கிடைத்தது 90 மீட்டர். அன்றைய வேகத்தில் ஓட்டினால் ஏறத்தாழ ஐந்து நிமிடம். இன்று நம் மாணவர் ஒருவர் காலையில் டெஸ்ட் ஷூட் என்று எடுத்துத் தள்ளுவது அதைவிட அதிகம். அந்த 90 மீட்டருக்குள் பல சோதனைகளைத் திட்டமிட்டார். ஒன்றில் பட்டறையைச் சேர்ந்த நடிகை ஹொக்லோவா மாஸ்கோவின் ஒரு தெருவில் நடந்து வருகிறார். அதே பட்டறையின் ஒபலென்ஸ்கி ஊரின் வேறொரு பக்கம், ஆற்றங்கரையில் நடக்கிறார். இருவரும் சந்தித்துக் கைகொடுக்கிறார்கள். அது மூன்றாவது இடம், பின்னால் கோகோல் சிலை. எதையோ பார்க்கிறார்கள்: அமெரிக்கப் படம் ஒன்றிலிருந்து வெட்டிய வெள்ளை மாளிகை. பிறகு படியேறுகிறார்கள்; அந்தப் படிகள் மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயத்துடையவை. இன்னொரு சோதனையில் ஒரு பெண் கண்ணாடி முன் ஒப்பனை செய்கிறாள். கண் ஒருத்தியுடையது, உதடு இன்னொருத்தியுடையது, முதுகும் கால்களும் வேறு பெண்களுடையவை. உலகத்தில் இல்லாத ஊரும் உலகத்தில் இல்லாத பெண்ணும் இப்படி ஒட்டுப்பசையில் பிறந்தார்கள். 1990களில் ரஷ்யக் காப்பகத்தில் இந்தச் சோதனைகளின் சில துண்டுகள் கிடைத்தன. ஹொக்லோவாவும் ஒபலென்ஸ்கியும் சந்திக்கும் அந்தக் காட்சியின் படங்களை வகுப்பில் காட்டலாம். அது உண்மையிலேயே அவர்கள் எடுத்தது.

அலெக்ஸாண்ட்ரா ஹொக்லோவா பற்றிச் சொல்லாமல் குலெஷோவைப் பற்றிப் பேசக்கூடாது. மாஸ்கோவின் புகழ்பெற்ற ஓவியக்கூடத்தை நிறுவிய திரெத்யாகோவின் பேத்தி. ஒடிசலான உடம்பு, நீண்ட கைகள், பெரிய பற்கள். ஸ்டுடியோக்காரர்கள் இவர் கதாநாயகிக்கு லாயக்கில்லை, வேறு ஆளைப் போடு என்று வற்புறுத்திக்கொண்டே இருந்தார்கள். குலெஷோவ் கேட்கவில்லை. வாழ்க்கைத் துணையாகவும் உடன் கற்பிப்பவராகவும் கடைசிவரை இருந்தவர் அவர். ஐசன்ஸ்டீன் 1926இல் அவருடைய நடிப்பைப் பாராட்டித் தனிக் கட்டுரையே எழுதினார். ஐசன்ஸ்டீனும் சில மாதம் குலெஷோவின் பட்டறையில் படித்தவர்தான்.

1924இல் அந்தப் பட்டறை மொத்தமும் சேர்ந்து ‘போல்ஷ்விக்குகளின் நாட்டில் திருவாளர் வெஸ்டின் அசாதாரண சாகசங்கள்’ எடுத்தது. ரஷ்யாவில் எல்லோரும் காட்டுமிராண்டிகள் என்று பத்திரிகையில் படித்துவிட்டுப் பயந்துகொண்டே வரும் அமெரிக்கரை மோசடிக் கும்பல் ஒன்று ஏமாற்றும் கதை. புதோவ்கின் அதில் ஒரு மோசடிக்காரர், பட்டறையின் இன்னொரு மாணவர் பார்னெட் கவ்பாய். சிரிக்கச் சிரிக்கப் பார்க்கலாம். ஆனால் நான் கெஞ்சிக் கேட்பது அடுத்த படத்துக்காக.

1926இல் வந்த ‘சட்டப்படி’. ஜாக் லண்டனின் ஒரு சிறுகதை, திரைக்கதை விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி. குலெஷோவுக்கு அப்போது பெரிய பட்ஜெட் தர யாரும் தயாரில்லை. குறைந்த காசில் முடியும் கதையாக இதைத் தேர்ந்தார்கள். யூகான் பனிப்பிரதேசத்தில் தங்கம் தேடும் கூட்டம். ஒருவன் இரண்டு பேரைச் சுட்டுக் கொல்கிறான். மீதமிருப்பவர்கள் ஒரு கணவனும் மனைவியும். கொலைகாரனை அவர்களே கொல்லவும் மனமில்லை. ஊருக்குக் கொண்டுபோகவும் வழியில்லை, ஆறு உடைத்துக்கொண்டு வெள்ளம் குடிசையைச் சூழ்ந்துவிடுகிறது. கட்டிப்போட்ட கொலைகாரனோடு ஒரே அறையில் நாள் நாளாக விழித்துக் காவல் இருக்கவேண்டும். படத்தின் பெரும்பகுதி அந்த மூவர், அந்தக் குடிசை.

வெட்டுவதற்கு ஊரும் இல்லை, கூட்டமும் இல்லை. மூன்று உடம்புகள் இருக்கின்றன. ஹொக்லோவாவின் விரல்கள் துப்பாக்கியில் இருந்து நழுவும் விதம், தூக்கத்தோடு போராடும் கழுத்து. கொலைகாரனாக வரும் ஃபோகெல் கட்டுண்ட நிலையில் கண்ணால் மட்டும் அறையை அளப்பது. நடுவில் அந்தப் பெண்ணுக்குப் பிறந்தநாள் வருகிறது. மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கொண்டாடுகிறார்கள், மெழுகுவத்தி ஏற்றி. நான் அந்தக் காட்சியை எத்தனையோ முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். கட் எங்கே விழுகிறது என்று பார்த்தால், ஒவ்வொரு முறையும் ஓர் அசைவு முடிந்த இடத்தில் அல்லது தொடங்கும் நொடியில் விழுகிறது. நடிப்பு அவ்வளவு துல்லியமாக இருப்பதால்தான் வெட்டு அங்கே விழ முடிகிறது. ‘எடிட்ல பாத்துக்கலாம்’ என்று வைத்த ஒரு ஷாட்டும் அதில் கிடையாது. முடிவு ஜாக் லண்டன் எழுதியதிலிருந்து மாறுகிறது. அதை இங்கே சொல்லி உங்கள் மாணவர்களுக்குக் கெடுக்க மாட்டேன்.

பிற்கால வாழ்க்கையையும் மாணவர்கள் அறியவேண்டும். 1933இல் ‘மாபெரும் ஆறுதலாளன்’ எடுத்தார். சிறையில் இருக்கும் எழுத்தாளர் ஓ. ஹென்றி, தன் கண்ணெதிரே நடக்கும் கொடுமையை மாற்றி இனிப்பான கதைகளாக எழுதுகிறார். வெளியே ஒரு கடைச் சிப்பந்திப் பெண் அவற்றைப் படித்து ஆறுதல் தேடுகிறாள். படப்பிடிப்புக்கு முன்பே முழுப் படத்தையும் ஒத்திகை பார்த்து முடிக்கும் முறையை அதில் கையாண்டார்; ‘பிலிம் இல்லாத பிலிம்’ அவரைவிட்டுப் போகவில்லை. பொய்யான ஆறுதலை எழுதும் கலைஞனைப் பற்றி, அந்த நாட்டில், அந்த ஆண்டில் ஒருவர் படமெடுத்திருக்கிறார் என்பதே என்னை உலுக்குகிறது.

‘உருவவாதி’, அதாவது கருத்தைவிட வடிவத்தையே பெரிதாக எண்ணுகிறவர், என்ற குற்றச்சாட்டு அவர்மேல் விழுந்துகொண்டே இருந்தது. 1935 ஜனவரியில் மாஸ்கோவில் நடந்த திரைத்துறை மாநாட்டில் ஐசன்ஸ்டீனை ஒருவர் மாற்றி ஒருவர் தாக்கினார்கள்: அளவுக்கு மீறிப் படிக்கிறார், படம் எடுப்பதில்லை என்று. தானே அடிவாங்கிக்கொண்டிருந்த குலெஷோவ் எழுந்து, உயிரோடு இருப்பவரைப் பிணம்போல் எண்ணிப் பேசுகிறீர்களே என்றார். அறிவு கூடியதால் யாரும் வெடித்துச் சாவதில்லை, பொறாமை கூடினால்தான் வெடிப்பார்கள் என்று ஐசன்ஸ்டீனைப் பார்த்தே சொன்னார். தன் பழைய மாணவனுக்காக, அந்தக் காலத்தில், அந்த அவையில். ஓர் ஆசிரியரைப் பற்றி ஆசிரியர்களுக்கு எழுதும் மடலில் இதை எப்படி விடுவேன்?

அவர் இயக்கிய கடைசிப் படம் 1943இல். அப்போது வயது 44. 1970இல் இறக்கும்வரை இன்னும் 27 வருடம் வாழ்ந்தார். படம் எடுக்கவில்லை, பாடம் எடுத்தார். அதற்கு முன்பே, 1941இல், இயக்குநர்களுக்கான பாடநூலை வெளியிட்டிருந்தார். 1944 முதல் 1947 வரை மாஸ்கோ திரைப்படக் கல்வி நிறுவனத்தின் தலைவராக இருந்தார். 1929 நூலுக்கு முன்னுரை எழுதிய புதோவ்கின், ஒபலென்ஸ்கி, கொமரோவ், ஃபோகெல் நால்வரும், “நாங்கள் படங்கள் செய்கிறோம், குலெஷோவ் திரைக்கலையைச் செய்தார்” என்று எழுதினார்கள். மாணவர்கள் ஆசிரியருக்குக் கொடுத்த சான்று அது.

என் வேண்டுகோள்கள் பெரியவை இல்லை. சூப் கிண்ணத் துண்டைத் தொடர்ந்து காட்டுங்கள்; இது பின்னால் செய்த மறுஆக்கம், மூலம் இல்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் காட்டுங்கள். சிறுமியும் கரடி பொம்மையும் எப்படி ஆசைக்குரிய பெண்ணாக மாறிப்போனார்கள் என்பதையே மாணவர்களைத் தேடச் சொல்லலாம். பருவத்தில் ஒரு மதியத்தை ‘சட்டப்படி’ படத்துக்கு ஒதுக்குங்கள். ஏறத்தாழ 80 நிமிடம்தான். முடிந்தால், லேப்டாப் எல்லாவற்றையும் மூடச்சொல்லி, நான்கு போர்வைகளைக் கட்டி, ஒரு காட்சியை ‘பிலிம் இல்லாத பிலிம்’ ஆக நடத்திப் பாருங்கள். கேமராவும் சாஃப்ட்வேரும் போதாத சிறிய ஊர்க் கல்லூரிகளின் ஆசிரியர்களை நினைத்துத்தான் இதை அதிகம் சொல்கிறேன். கருவி வரும்வரை காத்திருங்கள் என்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.

தங்கை மாதிரி என்னிடம் வேலை பார்க்கும் அசிஸ்டன்ட் பெண்ணோடு போன மாதம் இதைச் செய்துபார்த்தேன். அவரும் நண்பர்களும் மொட்டைமாடியில் வேட்டிகளைத் திரையாகக் கட்டி, ஆறு ஷாட் காட்சி ஒன்றை நடத்தினார்கள். மூன்றாவது ஷாட்டுக்கு இடம் மாற நேரம் போதவில்லை. இரண்டாவது ஷாட்டை எவ்வளவு நீட்டவேண்டும் என்று அங்கேயே சண்டை வந்தது. எடிட்டிங் சாஃப்ட்வேரின் டைம்லைனில் ஆறு மாதம் உட்கார்ந்தும் அந்தத் தங்கை என்னிடம் கேட்காத கேள்வி அது.

‘சட்டப்படி’ மௌனப்படம். அதன் இடையெழுத்து அட்டைகள் முழுவதையும் தமிழில் எழுதி நேரக்குறிப்போடு வைத்திருக்கிறேன். ரஷ்யம் எனக்குத் தெரியாது. ஆங்கிலம் வழியாகச் செய்தது, ரஷ்யம் அறிந்த ஒரு நண்பர் திருத்திக் கொடுத்தார். எந்தக் கல்லூரி கேட்டாலும் அனுப்புகிறேன், காசு வேண்டாம். திரையிடும் அன்று அழைத்தால், கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்வேன். அந்தப் பிறந்தநாள் காட்சியில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் மாணவர்களில் ஒருவன்,
ஒரு படத்தொகுப்பாளன்